மே மாதத் தாகம்

மே 5, 2025, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ராத்திரி நாலு முறை எழுந்து பாத்ரூம் போனேன். தலைமாட்டில் வைத்த சொம்பு விடிவதற்குள் காலி. "இவ்வளவு தண்ணி குடிச்சா அப்படித்தான் வரும்" என்று வீட்டில் திட்டு. நியாயமாகத்தான் பட்டது. மதுரை வெயிலில் தாகம் எடுக்காவிட்டால்தான் ஆச்சரியம். அதிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நம் பிரஸ்ஸில் மிஷின் ஓடினால் அறையே அடுப்பு மாதிரி இருக்கும்.

மே 9, வெள்ளி

மீனாட்சிக்குத் தேர். மாசி வீதியில் பார்த்த சித்தப்பா, "என்னடா, தொப்பையைக் காணோம்!" என்றார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டு மூன்று வாரம் ஆகிறது. 81 கிலோ இருந்தவன் 74. சாப்பாட்டைக் குறைக்கவில்லை, நடக்கவில்லை. முன்பைவிட ஒரு கரண்டி கூடவே சாப்பிடுகிறேன். கல்யாண சீசன் அலைச்சல்தான் இளைக்க வைக்கிறது என்று நானும் மார்தட்டிக்கொண்டேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். நீர்மோர்ப் பந்தல் ஒவ்வொன்றாக நின்று குடித்தேன். பானகம் மட்டும் ஐந்து டம்ளர் இருக்கும். திரும்பும்போது ஒரு ஜிகர்தண்டா. வீட்டுக்கு வந்ததும் தாகம் முன்னைவிட மோசம், நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. கால் அப்படியே துவண்டுவிட்டது. ஆறு மணிக்கே படுத்துவிட்டேன்.

மே 17, சனி

இன்றைக்கு ஒரு அவமானம். 500 பத்திரிகை அடித்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்த பிறகு பெண்வீட்டார் திரும்பி வந்தார்கள். 'கண்மணி' என்ற பெயர் 'கன்மணி' என்று இருக்கிறது. புரூப் பார்த்தது நான். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், மூணு சுழி ரெண்டு சுழி எனக்குத் தப்பாது. எழுத்து மங்கலாகத் தெரிந்தது, பார்த்தவரை போதும் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்துக் கொடுத்தோம், செலவு நம்முடையது.

கட்டிங் மிஷினில் விரல் கீறிய இடமும் இன்னும் மூடவில்லை. வழக்கமாக நாலு நாளில் காய்ந்துவிடும். இது மூன்றாவது வாரம்.

மே 20, செவ்வாய்

கண்ணாடிக் கடை. பிப்ரவரியில்தான் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தேன். சோதித்துப் பார்த்தவர் பழைய சீட்டை எடுத்து ஒப்பிட்டார். மைனஸ் ஒன்றேகால் இருந்தது இப்போது இரண்டேகால். "மூணு மாசத்துல ஒரு பாயிண்ட் ஏறுற வயசா சார் உங்களுக்கு? சுகர் பார்த்தீங்களா?" என்றார். அப்பாவுக்கு இருந்தது என்றேன். லென்ஸ் போட மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். வியாபாரத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை இன்றுதான் பார்த்தேன்.

மே 21, புதன்

தங்கை நர்ஸ். போனில் சொன்னதுமே குரல் மாறிவிட்டது. "அண்ணே, இஞ்சி டேப் எடுத்து இடுப்பை அளந்து சொல்லு." 96 சென்டிமீட்டர். சர்க்கரை நோய் ஆபத்தைக் கணிக்க, சென்னையில் உருவாக்கிய ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறதாம். வயது 35இலிருந்து 49 வரை என்றால் 20. ஆண்களுக்கு இடுப்பு 90இலிருந்து 99 வரை 10. உடற்பயிற்சியே கிடையாது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, அதற்கு 30. பெற்றோரில் ஒருவருக்கு சர்க்கரை, 10. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே ஆபத்துப் பட்டியலாம். கணக்கில் நான் எழுபது வாங்கியது இதுதான் முதல் தடவை.

அப்புறம் அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. தொடை இடுக்கில் அரிப்பு இருக்கிறதா என்று. இரண்டு மாதமாக இருக்கிறது. மெடிக்கலில் ஏதோ களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்கிறேன், மனைவிக்கே தெரியாது. வியர்வை என்று நினைத்தேன். சர்க்கரை கலந்த ஈரம் பூஞ்சைக்கு விருந்து என்றாள்.

அம்மா பக்கத்திலிருந்து, "தாத்தா ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்க்கும்" என்றாள். சர்க்கரை நோய்க்கு மதுமேகம், அதாவது தேன் போல இனிக்கும் சிறுநீர், என்ற பேரே அதிலிருந்து வந்ததுதானே. இப்போது தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுகிறோம், எறும்புக்கு எங்கே வாய்ப்பு?

மே 23, வெள்ளி

ரத்தத்தில் சர்க்கரை வெறும் வயிற்றில் 212. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 338. மூன்று மாத சராசரி என்கிற எச்பிஏ1சி 10.4. லேப் பெண் தாளை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 24, சனி

டாக்டர் திட்டவில்லை. வெறும் வயிற்றில் 126ஐ அல்லது எச்பிஏ1சி 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. 100இலிருந்து 125 வரை, அல்லது 5.7இலிருந்து 6.4 வரை இருப்பது எல்லைக்கோடு. நான் அந்த எல்லையை எப்போது தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. அங்கே நிற்கும்போது பெரும்பாலும் தாகம், அரிப்பு எதுவும் இருக்காதாம். டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தது ஒன்று. நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நினைத்தேன். அப்படியில்லையாம். ரத்தத்தில் சர்க்கரை 180 வாக்கில் தாண்டினால் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விடுகிறது. அது போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் தாகம். அந்தத் தாகத்துக்கு நான் பானகம் ஊற்றியிருக்கிறேன்! சாப்பிட்டது உடம்பில் சேராததால் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்றிருக்கிறது. சித்தப்பா பாராட்டியது அதைத்தான்.

கண்ணாடி விஷயம் கேட்டேன். சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் உப்பும், சர்க்கரை கட்டுக்குள் வந்து ஆறு வாரம் ஆகட்டும், இப்போது போட்டால் காசு தண்டம் என்றார். விழித்திரையைத் தனியாக ஒரு கண் டாக்டரிடம் காட்டவும் சீட்டு எழுதினார். கிளம்பும்போது என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பின்கழுத்துக் கறுப்பு, சின்ன வயதிலிருந்து இருப்பது, அம்மா அழுக்கு என்று தேய்த்தே ஓய்ந்துபோனது. "இது அழுக்கில்லை. இன்சுலின் இருந்தும் உடம்பு அதுக்கு ஒழுங்கா கட்டுப்படலைன்னு தோல் முதல்லயே சொல்லிடும். தொட்டுப் பாருங்க, வெல்வெட் மாதிரி தடிச்சிருக்கும்."

மெட்ஃபார்மின் மாத்திரை காலை, இரவு. பழைய சோறும் வெங்காயமும் போகிறதே என்றுதான் முதலில் வருத்தம் வந்தது. அளவோடு சாப்பிடலாம் என்றார்.

ஜூன் 7, சனி

வெறும் வயிற்றில் 148. ராத்திரி ஒரே ஒரு தடவைதான் எழுந்தேன். விரல் கீறல் மூடிவிட்டது.

பையனுக்கு எண்ணெய்க் குளியல். பதினைந்து வயது, நல்ல புஷ்டி, கையில் எப்போதும் போன். முற்றத்தில் உட்கார வைத்து, பீர்க்கங்காய் நாரால் பின்கழுத்தை அரக்கி அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. "எவ்வளவு தேச்சாலும் போக மாட்டேங்குது பாருங்க இந்த அழுக்கு." அவன் வலிக்குது என்று கத்தினான். நாரை வாங்கி வைத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்து, விரல் வைத்துப் பார்த்தேன்.

தங்கைக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை காலையில் அவன் பள்ளிக்கூடம் போவதற்கு முன் லேபுக்குக் கூட்டிப்போகிறேன். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம்.