மீனின் தலை எந்தப் பக்கம்?

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் என் பொறுப்பில் விட்டது தங்கமீன்களை. தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, அப்புறம் அறுவை.

மீனை மயக்கி, வலது கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பை நுண்ணிய இடுக்கியால் நசுக்குவோம். எலிக்கு இப்படிச் செய்தால் அந்தக் கண் போனதுதான். தங்கமீனுக்கோ சில வாரங்களில் நரம்பிழைகள் மறுபடி வளர்ந்து, மூளையில் டெக்டம் என்ற மேட்டைப் போய்ப் பிடித்துவிடும். அதற்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் விழித்திரையில் இருக்கும் செல்லின் உடலில்தான் தயாராகிறது. அங்கிருந்து இழை நெடுக அனுப்பியாக வேண்டும்.

இதைப் பின்தொடர, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய புரோலின் என்ற அமினோ அமிலத்தை அந்தக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்துவோம். செல் அதை வைத்துப் புரதம் செய்து அனுப்பும். பிறகு டெக்டத்தை எடுத்துக் கதிரியக்கத்தை எண்ண வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் பெர்னிஸ் கிராஃப்ஸ்டீன் 1960களில் தங்கமீனில் செய்து காட்டிய வழி. போக்குவரத்து இரண்டு வேகத்தில் நடக்கிறது: நாளுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் ஓடும் எக்ஸ்பிரஸ் ஒன்று, 0.4 மில்லிமீட்டர் நகரும் கூட்ஸ் ஒன்று. முன்னதில் சவ்வுச் சரக்கு, பின்னதில் டியூபுலின், ஆக்டின் போன்று இழைக்குச் சட்டகமாகும் புரதங்கள்.

தங்கமீனில் ஒரு வசதி. வலது கண்ணின் இழைகள் முழுக்க இடது டெக்டத்துக்கே போகும். ரத்தத்தில் கசிந்த புரோலின் இரண்டு பக்கமும் ஒரேபோல் சேரும். ஆகவே இடதின் எண்ணிக்கையிலிருந்து வலதைக் கழித்தால் மிஞ்சுவது நரம்பு வழியாக வந்த சரக்கு.

ஒருநாள் எட்டு மீன்களின் கணக்கைப் போட்டேன். ஐந்தில் விடை மைனஸ்! எண்ணும் கருவியைத் திட்டினேன், குப்பிகளை மறுபடி எண்ணினேன். மூத்த டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அறுக்கும்போது மீனின் தலை எந்தப் பக்கம் இருந்தது?" விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று நடுவில் தட்டைத் திருப்பி வைத்திருந்தேன். என் இடப்பக்கமும் மீனின் இடப்பக்கமும் அங்கேயே மாறிப்போயின.

மைனஸைப் பிளஸாக மாற்றிவிடலாமே என்று கை துறுதுறுத்தது. ஆனால் எந்த மீனிலிருந்து திருப்பினேன் என்று குறிப்பேட்டில் இல்லை. வர வேண்டிய விடையை வைத்துப் பக்கத்தை முடிவுசெய்தால் அப்புறம் எதற்குச் சோதனை? எட்டு மீன்களின் கணக்கையும் ஒதுக்கிவிட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு தட்டிலும் தலைப்பக்கம் அம்புக்குறி போட்டு வைத்தேன்.

அடுத்த தொகுதி ஒழுங்காக வந்தது. எக்ஸ்பிரஸில் போன புரதம், நசுக்காத மீனைப்போலப் பல மடங்கு. கூட்ஸும் வேகம் பிடித்திருந்தது. அதுவரை நசுக்கிய இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். விழித்திரைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்த அன்று அது கலைந்தது. காயத்திலிருந்து தள்ளி இருந்த செல்கள் வீங்கி, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் பருத்து, திருவிழாச் சமையல்கட்டு மாதிரி இருந்தன. வெறும் அளவு கூடுவதோடு நிற்பதில்லை. ஜிஏபி-43 போன்ற சில புரதங்கள் வளரும் சமயத்தில் மட்டும் பெருகுகின்றன.

நரம்பை நசுக்கிய பின் டெக்டத்தை எடுக்காமல் விட்ட சில மீன்கள் தொட்டியில் இருந்தன. வலப்பக்கம் தீனி போட்டால் கண்டுகொள்ளாமல் நீந்திக்கொண்டிருந்தவை. ஒரு மாதத்துக்குப் பிறகு வழக்கம்போல் ஒரு குருணையைப் போட்டேன். ஒரு மீன் சட்டென்று வலப்பக்கம் திரும்பிக் கவ்வியது.