வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை தேசிய சேவைக்குத் தயாராவது

சிங்கப்பூரில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் துபாய்க்குப் போய், அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த நான், 2018-இல் சிங்கப்பூர் ஆயுதப் படையில், அங்குள்ள ஆண்களுக்குக் கட்டாயமான முழுநேர தேசிய சேவையில் சேர்ந்தேன். வளைகுடாவிலும் சென்னையிலும் மேலை நாடுகளிலும் சிங்கப்பூர்க் குடியுரிமையோடு வளரும் பையன்களின் பெற்றோர் இப்போது என்னிடம் விவரம் கேட்கும்போது, பெரும்பாலும் ஓட்டத்தையும் தண்டாலையும் பற்றியே முதலில் கேட்கிறார்கள். உடலைத் தயார்ப்படுத்துவதற்குச் சில மாதங்கள் போதும். பையனுக்குப் பதின்மூன்று வயதாகும்போதே தொடங்கிவிடும் காகித வேலையும், அவன் பெயரளவில் மட்டுமே அறிந்திருக்கும் சொந்த ஊரோடு பழகிக்கொள்வதும்தான் அதைவிட நீண்டவை. அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தேசிய சேவை புதிய சங்கதி அல்ல. 1967-இல் கட்டாய சேவைச் சட்டம் வந்தபோது முதன்முதலாகப் பதிவு செய்துகொள்ள அழைக்கப்பட்டவர்கள் 1949-ஆம் ஆண்டின் முற்பாதியில் பிறந்த இளைஞர்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். ஏறத்தாழ 9,000 பேர் கொண்ட அந்த முதல் அணியில் பத்தில் ஒரு பங்கினரே முழுநேரப் படைவீரர்களாக எடுக்கப்பட்டார்கள். மற்றவர்களுக்குப் பகுதிநேரச் சேவைதான் கிடைத்தது. தாத்தாவும் மாலை வேளைகளில் சீருடை அணிந்து சுற்றுக்காவல் போனவர். அப்பா இரண்டரை ஆண்டு முழுநேரம் சேவை செய்தார். அந்தக் காலம் 2004-இல் இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஆகவே நான் போக வேண்டுமா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. ஆனால் போவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் அவர் சிங்கப்பூரிலேயே வளர்ந்தவர். கடிதம் வந்தது, போனார், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூர்க் குடிமகன்களும், பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளைகளும் பதினாறரை வயதில் பதிவு செய்துகொண்டு, பதினெட்டு வயதிலிருந்து சேவைக்கு அழைக்கப்படுவார்கள். வெளிநாட்டில் வசிப்பது இதற்கு விலக்கு ஆகாது. தவறினால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். லண்டனில் வாழ்ந்த பியானோ கலைஞர் மெல்வின் டான் 2005-இல் 3,000 வெள்ளி அபராதத்தோடு விடப்பட்டபோது பொதுமக்களிடையே எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் அபராத உச்சவரம்பு 10,000 வெள்ளிக்கு உயர்ந்தது. 2017-இல் உயர் நீதிமன்றம், எத்தனை ஆண்டு தவறினால் எவ்வளவு சிறை என்பதற்கான அளவுகோலையும் வகுத்துவிட்டது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும்" என்று வளைகுடாவில் சில மாமாக்கள் விருந்துகளில் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம்.

முதல் காகிதம் பதின்மூன்று வயதில் வருகிறது. அந்த வயதுக்கு மேல் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கும் பையனுக்கு எக்ஸிட் பெர்மிட் எனப்படும் வெளியேறும் அனுமதி வேண்டும், அதற்குப் பெற்றோர் பிணை தர வேண்டும். பிணைத் தொகை 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. இந்த எண்ணைப் படித்ததும் அம்மாவின் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பெற்றோர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் உடன் வசிக்கும் பிள்ளைகளுக்கு ரொக்கத்தையோ வங்கி உத்தரவாதத்தையோ கேட்காமல், ஆள்பிணையோடு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தையே ஏற்றுக்கொள்கிறார்கள். எங்களுக்குச் சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அப்பாவின் வேலை நியமனக் கடிதம், சம்பளச் சான்று, என் பள்ளிச் சான்று ஆகிய மூன்றும் கையில் இருந்தால் வேலை எளிதாக முடிந்துவிடும். வேலை மாறும் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் இவற்றைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து வயதில் அடையாள அட்டை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும் விடுமுறையில் இதை முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதற்குப் பின் வரும் எல்லாப் படிகளும் அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் வழியாகவே நடக்கின்றன. கடிதங்கள் பதிவில் உள்ள சிங்கப்பூர் முகவரிக்கே போகும் என்பதால், அங் மோ கியோவில் தாத்தா பாட்டி இருக்கும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தோம். தபால்பெட்டியில் அரசாங்க உறை எதைக் கண்டாலும் படம் எடுத்து அனுப்பும்படி பாட்டியிடம் சொல்லியிருந்தோம். அவர் பல்பொருள் அங்காடியின் தள்ளுபடி அறிவிப்பு முதல் எல்லாவற்றையும் அனுப்பினார், அது வேறு கதை.

பதினாறரை வயதில் பதிவு செய்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை சேர்க்கையை ஒத்திவைக்கும்படி விண்ணப்பித்தோம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய 'ஏ' நிலைத் தேர்வு, பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம், அல்லது அவற்றுக்கு நிகரான படிப்புவரை ஒத்திவைப்புக் கிடைக்கும். பல்கலைக்கழகப் படிப்புக்குக் கிடைக்காது. இதில் விதிவிலக்கு எவ்வளவு அரிது என்பதற்கு, நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013-இல் கிடைத்த ஒத்திவைப்பு நாடு முழுவதும் செய்தியானதே சான்று. என் வகுப்புத் தோழர்கள் பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில், நான் மட்டும் வேறொரு நாட்காட்டியில் வாழ்ந்துகொண்டிருந்தேன். அது சற்றுத் தனிமையாகத்தான் இருந்தது.

இரண்டு குடியுரிமை உள்ள பையன்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. இருபத்தொரு வயதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்து, சேவையைச் செய்யாமலே சிங்கப்பூர்க் குடியுரிமையை விட்டுவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மிகச் சிறு வயதிலேயே குடிபெயர்ந்து, குடியுரிமையின் பலன்களை அனுபவிக்காதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கணக்கு பலிக்காது.

மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு விடுமுறையில் சிங்கப்பூர் வந்தேன். சி.எம்.பி.பி. என்று எல்லாரும் அழைக்கும் ஆள்சேர்ப்புத் தளம் அப்போது டிப்போ சாலையில் இருந்தது. இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, இதயத் துடிப்புப் பதிவு, கண், காது, பல் என்று ஒவ்வோர் அறையாகச் சுற்றி வர அரை நாள் ஆகிவிடும். கணினியில் எழுதும் அறிவுத்திறன் தேர்வும் உண்டு. உள்ளூர்ப் பையன்களின் மருத்துவ வரலாறு இங்குள்ள பலதுறை மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் இருக்கும். நம்முடையதோ கடல் கடந்து, எந்தக் கிளினிக்கிலோ கிடக்கும். எனக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது. எந்த வயதில் தொடங்கியது, என்ன மருந்து, கடைசியாக எப்போது இன்ஹேலர் பயன்படுத்தினேன் என்பதையெல்லாம் துபாய் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடும் பிறந்தபோது சிங்கப்பூரில் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தோடும் கொண்டுபோனேன். அந்த ஒரு தாளால் மேல்பரிசோதனை ஒரு முறையோடு முடிந்தது. இல்லாத நோயை இருப்பதாகக் காட்டவும் கூடாது, இருந்ததை மறைக்கவும் கூடாது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அங்கே ஓட வேண்டியது நம் நுரையீரல்தான்.

பரிசோதனையின் முடிவில் பெஸ் எனப்படும் உடல்தகுதித் தரம் வரும். ஏ, பி1 தரத்தினர் களப்பணிப் பிரிவுகளுக்கு ஏற்றவர்கள். சி, ஈ தரத்தினர் பெரும்பாலும் ஆதரவுப் பணிகளுக்குப் போவார்கள். எனக்குப் பி1 கிடைத்தது.

உடற்பயிற்சி விஷயத்தில் பாட்டிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: துபாய் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்கப்பூர் வெயில் என்ன செய்யும்? உண்மையில் துபாய்ப் பிள்ளை வெயிலில் வளர்வதே இல்லை. வீட்டிலும் பேருந்திலும் வகுப்பிலும் அங்காடியிலும் குளிர்சாதனம்தான். வெளியே நடப்பது வாகன நிறுத்தத்திலிருந்து கட்டட வாசல்வரை. முழுக்கைச் சீருடையும் பூட்ஸும் அணிந்து, காற்றில் ஈரம் நிறைந்த காலையில் மணிக்கணக்காக நிற்கும் பழக்கம் நமக்குக் கிடையாது. ஆகையால் அல் நஹ்தா குளப் பூங்காவில் இரவு ஓடிப் பழகியது ஓட்டத்துக்கு மட்டுமே உதவியது. வெப்பத்துக்குப் பழகியது தேர்வு முடிந்து அங் மோ கியோவுக்கு வந்து, பீஷான் பூங்காவில் பகலில் ஓடத் தொடங்கிய பிறகுதான். சேர்க்கை நாளுக்கு முந்தைய வாரம் விமானம் ஏறலாம் என்று திட்டமிடும் குடும்பங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: ஓரிரு மாதமாவது முன்னதாக வந்து, மின்விசிறியோடு உறங்கிப் பழகட்டும்.

சேர்வதற்கு முன் எழுதக்கூடிய ஐ.பி.பி.டி. உடல்தகுதித் தேர்வில் ஒரு நிமிடத் தண்டால், ஒரு நிமிட சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 100 புள்ளிகள். அதில் பாதி ஓட்டத்துக்கே. 61 புள்ளி எடுத்தால் முழுநேரச் சேவை இரண்டு மாதம் குறையும். இரண்டு மாதம் என்பது சிறிய பரிசு அல்ல, பல்கலைக்கழகப் பருவம் தொடங்கும் நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிலருக்கு ஓராண்டையே மிச்சப்படுத்தும். தண்டாலில் சீக்கிரம் முன்னேறலாம். ஓட்டம் மெதுவாகத்தான் கூடும், அதனால் அதை முதலில் தொடங்க வேண்டும்.

ஊரோடு பழகுவது பற்றி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அணிவகுப்பு ஆணைகள் மலாய் மொழியில் வரும் என்பது அப்பா சொல்லித்தான் தெரியும். துபாய் வீட்டுப் பால்கனியில் அவர் "செடியா" என்று குரல் கொடுக்க நான் விறைத்து நிற்பேன். "கெ கிரி புசிங்" என்றால் இடப்பக்கம் திரும்புவேன். எதிர் பால்கனியில் இருந்த மலையாளக் குடும்பம் எங்களைப் பற்றி என்ன நினைத்ததோ தெரியாது. ஆணைகளை விடக் கடினமாக இருந்தது பேச்சு. என் பள்ளி ஆங்கிலம் துல்லியமாக இருந்தாலும், ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியும் மலாயும் கலந்து பாதி வாக்கியத்திலேயே முடிந்துவிடும் சிங்கப்பூர்ப் பேச்சுக்கு நான் அந்நியன். முழுநேரச் சேவையை முடித்தவர்களுக்கான போர்க்காலப் படைப் பயிற்சிக்கு அப்போதும் ஆண்டுதோறும் போய்வந்த சித்தப்பா என்னைக் கோப்பிக்கடைகளுக்கு அழைத்துப் போய், பொருள்களை நானே கேட்டு வாங்க வைத்தார். "புக் அவுட்" (முகாமிலிருந்து வெளியே போவது), "ஏரியா கிளீனிங்" (இடத்தைத் துப்புரவாக்குவது) முதலான முகாம்வழக்கையும், சட்டையை அளவாக மடித்து அலமாரியில் அடுக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தார். அவர் கொடுத்த அந்தச் சில வாரங்கள், எந்த ஓட்டப் பயிற்சியாளரும் கொடுத்திருக்க முடியாதவை.

பெற்றோர் வெளிநாட்டிலேயே தங்கிவிடும் குடும்பங்கள் வார இறுதியைப் பற்றி முன்பே யோசிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் முகாமிலேயே இருந்தபின், வார இறுதிகளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்போது சேறு படிந்த சீருடையைத் துவைக்க, உறங்க, சாப்பிட ஓர் இடம் வேண்டும்; அவசரத் தொடர்புக்கு உள்ளூரில் ஒருவரின் எண் வேண்டும்; படித்தொகை வந்து சேர உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். எனக்குத் தாத்தா வீடு இருந்தது. உறவினர் யாரும் இல்லாத என் படுக்கைக்கூட நண்பன் ஒருவன், சேர்ந்த பிறகு வாடகை அறை தேடி மிகவும் அலைந்தான்.

சேர்க்கை நாளன்று சாங்கியில் இருந்து படகில், அடிப்படைப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குக் குடும்பத்தோடு போகலாம். தங்குமிடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், உணவுக்கூடத்தில் சாப்பாடு போடுவார்கள், உறுதிமொழி எடுத்தபின் குடும்பத்தினர் திரும்பிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் அதற்காகவே துபாயிலிருந்து வந்திருந்தார்கள். முடிந்தால் எல்லாப் பெற்றோரும் வர வேண்டிய நாள் அது. அதன் பின் ஒன்பது வார அடிப்படைப் பயிற்சி எப்படிப் போயிற்று என்பதை விரித்து எழுதத் தேவையில்லை. நேரம் குறித்து எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைப்பதும், எஸ்.ஏ.ஆர். 21 துப்பாக்கியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் துடைப்பதும், காட்டு முகாமில் குளிப்பதற்குப் பதிலாகப் பவுடரைப் பூசிக்கொள்வதும், இறுதியில் மரினா பே மிதக்கும் மேடைவரை 24 கிலோமீட்டர் நடப்பதும் என் அணியில் எல்லாருக்கும் ஒன்றாகவே புதிதாக இருந்தன. வெளிநாட்டில் வளர்ந்தவன் என்ற வேறுபாடு மூன்றாவது வாரத்துக்குமேல் யாருக்கும் நினைவிலேயே இல்லை. என் ஆங்கில உச்சரிப்பைக் கிண்டல் செய்ய மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வார்கள்.

பல்கலைக்கழகம் பற்றி ஒரு குறிப்பு. சிங்கப்பூரின் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவையில் இருக்கும் இளைஞர்களுக்கு இடத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருக்கின்றன. வெளிநாட்டுக் கல்லூரிகளில் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சில, இடத்தை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைப்பதில்லை. வெளியே படிக்க விரும்புகிறவர்கள் இரண்டு ஆண்டு ஒத்திவைப்பு உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதங்களையும் அப்போதே பெற்றுவிட வேண்டும், ஏனென்றால் வளைகுடாப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு கழித்து அதே ஆசிரியர்கள் இருப்பது அபூர்வம்.