ருபிடியம் வரிகள் திரையில் தெரியும்வரை

780 நானோமீட்டர் டையோடு லேசரை ருபிடியம் வரியொன்றில் பூட்டுவது, அதாவது ருபிடியம் அணு உட்கவரும் ஓர் அலைநீளத்திலேயே அதை நிலைநிறுத்துவது, அணு இயற்பியல் ஆய்வகங்களில் வழக்கமான வேலைதான். எதிரெதிராகச் செல்லும் இரு கதிர்களால் அணுவின் கூர்மையான வரிகளைப் பிரித்துக் காட்டும் தெவிட்டு உட்கவர்வு முறையின் கோட்பாடும் பாடநூலில் சில பக்கங்களில் முடிந்துவிடும். எங்களை அலைக்கழித்தவை ஒரு தாளும், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு போலரைசரும்.

ருபிடியம் நீர் பட்டால் தீப்பற்றும் உலோகம் என்பதால், சரக்குப் போக்குவரத்தில் அது 4.3 வகுப்பு அபாயப் பொருள். நாங்கள் வரவழைத்த செல்லுக்குள், அதாவது மூடிய கண்ணாடிக் குப்பிக்குள், அடைபட்டிருப்பது ஒரு துளிதான் என்றாலும், சரக்கு முனையத்தில் இருந்த எழுத்தர் பெட்டியை விடுவிக்க மறுத்தார். பாதுகாப்புத் தரவுத்தாளைக் கொடுத்தோம். அதில் உலோகத்தின் நிகர எடை இல்லை என்று திருப்பி அனுப்பினார். எடையோடு மறுபடி போனால், "கதிரியக்கம் உண்டுன்னு போட்டிருக்கே சார்?" என்றார். இயற்கை ருபிடியத்தில் சுமார் 28 விழுக்காடு ருபிடியம்-87 என்பதும், அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் என்பதும் அவரை அசைக்கவில்லை. துறைத் தலைவர் முத்திரையிட்ட கடிதம்தான் அசைத்தது. செல் வாங்குவோர் நிகர எடை குறித்த தாளை விற்பவரிடமிருந்து முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது.

லேசரின் அலைநீளத்தைத் தேரும் கீற்றணியைச் சரிசெய்வதும் கதிர்களை ஒன்றன்மீது ஒன்று பொருத்துவதும் சிக்கலின்றி முடிந்தன. ஆனால் ஆசிலோஸ்கோப்பில், அணுக்களின் வேகத்தால் அகன்று தெரியும் உட்கவர்வான டாப்ளர் பள்ளம் பாதி வரை ஒழுங்காக வந்து, சட்டென்று படிக்கட்டாக உடைந்தது. செல்லுக்குப் போகும் கதிரை ஓர் அட்டையால் மறைத்தால் லேசர் அடங்கியது. அட்டையை எடுத்தால் மறுபடியும் அலைநீளம் தாவியது. கண்ணாடியில் பட்டு வந்த வழியே திரும்பும் ஒளி லேசருக்குள் புகுகிறது என்பது உறுதியாயிற்று. அதைத் தடுக்கவேண்டியது ஒளியை ஒரே திசையில் விடும் ஐசொலேட்டர். அதன் அடியில் இருந்த சிறு எழுத்தைப் படித்தபோதுதான், 780க்குப் பதில் 850 நானோமீட்டருக்கானதை அனுப்பியிருப்பது தெரிந்தது. ஆணையில் 780 என்று தெளிவாகவே இருந்தது. "அகச்சிவப்புக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று விற்பனையாளரிடமிருந்து பதில் வந்தது.

ஒன்றல்ல. அலைநீளம் குறைந்தால் உள்ளிருக்கும் படிகம் ஒளி அதிரும் தளத்தை, வேண்டிய 45 பாகைக்கும் கூடுதலாகத் திருப்பும். அதனால் திரும்பி வரும் ஒளி முழுதாகத் தடைபடாது. ஐசொலேட்டரைத் தலைகீழாக வைத்து, வெளியேறும் பக்கத்துப் போலரைசரின் திருகைத் தளர்த்தி, ஒளி அதிரும் தளத்தை மாற்றும் அரை அலைத் தகட்டையும் கூடவே திருப்பி, ஊடுருவும் ஒளி மிகக் குறையும் இடத்தில் இறுக்கினோம். நேர்த்திசையில் சிறிது திறன் போனாலும் தாவல் நின்றது.

மறுநாளே ருபிடியம்-87இன் கூர்மையான முகடுகள் அந்தப் பள்ளத்துக்குள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுள் எடுப்பாக நிற்பது உண்மையான அணுவரி அன்று. மேல் வரிக்கு 133 மெகாஹெர்ட்ஸ் கீழே, இரு வரிகளின் நடுவே தோன்றும் குறுக்கு ஒத்ததிர்வு. அதிலேயே பூட்டினோம். சரியான ஐசொலேட்டர் இன்னும் வந்தபாடில்லை. அது வரும்வரை பில் தொகையை விடுவிக்க வேண்டாம் என்று கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.