கயிறு தாண்டும் சிறுமி, 38 ஃப்ரேம்

மூன்று வாரமாக மாலை நேரங்களில் ஒரே வேலைதான். பழைய படச்சுருள்களிலிருந்து இரண்டு மூன்று நொடிகளை வெட்டியெடுத்து, நிற்காமல் சுற்றிவரும் ஜிஃப் படமாக மாற்றுகிறேன். இதுவரை ஏழு முடிந்திருக்கின்றன. அவற்றில் ஆறு இயந்திரங்கள்: தறி, அச்சு உருளை, பாட்டிலுக்கு மூடி போடும் எந்திரம் என்று. இயந்திரம் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி வந்துவிடும். ஒரு சுற்றுக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி வெட்டினால் லூப் தயார். ஏழாவதில்தான் இரண்டு வாரம் போனது. அதில் இருப்பது ஒரு மனுஷி.

இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில், பழைய படங்களைக் கொண்ட பிரெலிங்கர் தொகுப்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது கிடைத்த துண்டு அது. யாரோ வீட்டுக்காக எடுத்த 16 மிமீ கறுப்பு வெள்ளைப் படம். செங்கல் சுவர் முன்னால் ஒரு சிறுமி கயிறு தாண்டுகிறாள், தலையில் பெரிய ரிப்பன். மொத்தமே பதினோரு நொடி. உரிமைக் குறிப்பைப் பார்த்து, பயன்படுத்தலாம் என்று உறுதி செய்துகொண்டு இறக்கினேன். பழசாக இருப்பதாலேயே எல்லாப் படமும் பொதுவுடைமை ஆகிவிடாது. அமெரிக்காவில் வெளியான பழைய படங்களுக்குப் பொதுவாக 95 ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிடுகிறேன்.

முதல் சிக்கல் வேகம். 16 மிமீ சுருள் 1923-இல் வந்தபோது வீட்டுப் படங்களுக்கு வழக்கமான வேகம் நொடிக்கு 16 ஃப்ரேம். கிடைத்த வீடியோ கோப்போ 24-இல் ஓடுகிறது. இடைவெளியை நிரப்ப, ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமை இரண்டு முறை பதிந்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது. லூப்பில் போட்டதும் கயிறு தத்தித் தத்திச் சுற்றியது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் இரட்டை ஃப்ரேம்களைக் கழிக்க எம்பிடெசிமேட் என்று ஒரு ஃபில்டர் உண்டு. ஓட்டிப் பார்த்தேன். சில இரட்டைகள் தப்பிவிட்டன, அசைவு குறைந்த இடங்களில் இரண்டு மூன்று நல்ல ஃப்ரேம்கள் போய்விட்டன. கடைசியில் எல்லாவற்றையும் தனிப் படங்களாகப் பிரித்து, கையாலேயே பொறுக்கினேன். சின்னத் துண்டுக்கு இதுதான் சரி. ஒவ்வொரு ஃப்ரேமையும் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும், அந்தப் பழக்கம் பின்னால் நிறைய உதவியது.

ஜிஃப்பில் ஒரு ஃப்ரேம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நூறில் ஒரு பங்கு நொடி என்ற அளவில்தான் சொல்ல முடியும். சரியாக 24 வராது, 4 என்று போட்டால் 25 ஆகும். ஆனால் 6 என்று போட்டால் நொடிக்கு 16.67. பழைய சுருளின் 16-க்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. ஊமைப்படக் காலத்து வேகத்துக்கு இந்த வடிவம் இவ்வளவு இசைந்து வருவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் தையல். எந்த ஃப்ரேமில் முடித்து எதில் தொடங்குவது? ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் இரண்டு ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, டிஃபரன்ஸ் முறையில் பார்த்தேன். ஒத்துப்போகும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும், வேறுபடும் இடம் வெளிச்சமாகத் தெரியும். கயிறு தலைக்கு மேல் இருக்கும் ஃப்ரேம்கள்தான் அதிகக் கறுப்பு. அங்கேயே வெட்டினேன். பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு தெரிந்தது. கயிறு உச்சியில் இருக்கும்போது நம் கண்ணும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் ரிப்பன் ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அகப்பட்டுவிடுகிறது. கயிறு தரையை உரசும் ஃப்ரேமுக்கு வெட்டை மாற்றினேன். அந்த ஃப்ரேமில் கயிறு வெறும் மங்கலான கோடு, இரண்டு கால்களும் தரையை விட்டு எழுந்திருக்கின்றன, பாவாடை விரிந்திருக்கிறது. டிஃபரன்ஸில் வேறுபாடு அதிகம்தான். ஆனால் கண்ணுக்கு வெட்டு தெரியவே இல்லை. நிற்கும் இடத்தில் வெட்டாதே, வேகமான இடத்தில் வெட்டு என்று ஆறு இயந்திரங்களும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இவள் சொல்லித் தந்தாள்.

முன்னும் பின்னுமாக ஓட்டினால் தையலே தேவையில்லையே என்று தோன்றலாம். அது பழைய யோசனைதான். லூமியேர் சகோதரர்கள் 1896-இல் சுவரை இடிக்கும் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, இடிந்த சுவர் எழுந்து நிற்பதைக் காட்டினார்கள். காற்றில் ஆடும் மரக்கிளைக்கு இந்த வழி பொருந்தும். கயிறு தாண்டுகிறவளுக்குப் பொருந்தாது. பின்னோக்கி ஓடும்போது குதிப்பதன் கனம் போய்விடுகிறது.

அடுத்தது வெளிச்சம். பழைய படங்களில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பிரகாசம் கூடிக் குறையும். அதைச் சமன்செய்ய டீஃப்ளிக்கர் ஃபில்டர் போட்டேன். நடுவில் எல்லாம் அமைதியாகிவிட்டது, ஆனால் தையலில் மட்டும் பளிச்சென்று ஒரு துடிப்பு. யோசித்தால் காரணம் எளிது. அந்த ஃபில்டர் பக்கத்து ஃப்ரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. கடைசி ஃப்ரேமுக்குப் பக்கத்தில் முதல் ஃப்ரேம் வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் அதே துண்டை மூன்று முறை அடுத்தடுத்து ஒட்டி, முழுவதையும் ஃபில்டரில் ஓட்டி, நடுப் பிரதியை மட்டும் வெட்டியெடுத்தேன். துடிப்பு காணாமல் போனது. படம் லேசாக ஆடுவதை நிறுத்தும்போதும் இதே வழிதான். இந்த மூன்று வாரத்தில் கற்றவற்றில் இதைத்தான் முதலில் சொல்லித்தருவேன்.

கோப்பின் அளவைப் பற்றிக் கொஞ்சம். ஜிஃப்பில் ஒரு ஃப்ரேமுக்கு அதிகபட்சம் 256 நிறம். வண்ணப்படத்துக்கு அது பற்றாக்குறை, கறுப்பு வெள்ளைக்கோ தாராளம். 32 சாம்பல் நிறங்களே போதுமாக இருந்தன. இல்லாத நிறங்களைப் புள்ளிகளால் ஈடுகட்டும் டிதரிங்கில், புள்ளிகளை ஒரே ஒழுங்கில் வைக்கும் பேயர் முறையை வைத்தேன். மற்ற முறைகளில் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறி, சுவர் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி தெரிகிறது. 480 பிக்சல் அகலத்தில் ஆறு எம்பி இருந்த கோப்பு இரண்டரைக்குக் கீழே வந்தது. சுவரை அசையாமல் உறையவைத்தால் இன்னும் சின்னதாகும், செய்தும் பார்த்தேன். சுவரில் மட்டும் படச்சுருளின் துகள் அசையாமல் நின்றது, சிறுமி வெட்டி ஒட்டிய பொம்மைபோல ஆகிவிட்டாள். துகளும் கீறலும் இருக்கட்டும். பெரிய தூசு விழுந்த இரண்டு ஃப்ரேம்களை மட்டும் சரிசெய்தேன், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் மின்னிக்கொண்டிருந்ததால்.

கடைசி முடிவு நீளம். ஒரே தாண்டல் என்றால் ஒன்பது ஃப்ரேம், தையல் கச்சிதம். ஆனால் மூன்றாவது தாண்டலில் அவள் ஒரு கணம் கேமராவைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே குனிகிறாள். அந்தப் பார்வை இல்லாத லூப்பில் அவளும் தறி மாதிரி ஆகிவிடுகிறாள். அந்தத் தாண்டலை மட்டும் வைத்தால் அரை நொடிக்கு ஒரு தரம் நம்மைப் பார்த்து, பார்வையே கெட்டுவிடுகிறது. நான்கு தாண்டல்களாக எடுத்தேன். 38 ஃப்ரேம், 2.28 நொடி. மூன்று முறை தன்பாட்டுக்குத் தாண்டுகிறாள், ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறாள்.

1832-இல் ஜோசப் பிளாட்டோ செய்த சுழல்வட்டில் ஓடியதும் லூப்தான். ஒருவர் மட்டும் எட்டிப் பார்க்கும் எடிசனின் கைனெட்டோஸ்கோப் பெட்டிக்குள் சுற்றிய படச்சுருளும் முனை ஒட்டிய வளையம்தான். திரையரங்கு வருவதற்கு முன்பே அசையும் படம் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டே அன்று இரவு வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பின் பெயரில் மூலப்படத்தின் தலைப்பையும், எத்தனையாவது நொடியிலிருந்து எடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சேமித்திருக்கிறேன். ஜிஃப்பைப் பார்ப்பவர்கள் மீதி ஒன்பது நொடியையும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசியில் அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு கேமராவை நோக்கி ஓடி வருகிறாள்.