குவாவ் ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை

கரீபியன் தீவான கிரெனடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையின் வெள்ளை மணலோடு திரும்பிவிடுகிறார்கள். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீவில் உங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கிறது என்றால் தயவுசெய்து குவாவ் என்ற மீனவ ஊருக்குப் போங்கள்.

தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே போகும் மினி பஸ்ஸில் ஏறினேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவே வளைந்து வளைந்து போகிற ஒடுங்கிய சாலை, காதைப் பிளக்கும் பாட்டு. இறங்க வேண்டியவர்கள் பஸ் கூரையைக் கையால் தட்டுகிறார்கள், வண்டி நின்றுவிடுகிறது. ஊருக்குப் பெயர் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள். கொய்யா என்று பொருள்.

இறங்கியதும் மீன் வாடைதான் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஜாதிக்காய் வாசம். பெரிய மர அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஜாதிக்காய்களைத் தட்டுகளில் பரப்பி வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். பிறகு ஓட்டை உடைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். மூழ்கினால் நல்ல காய், மிதந்தால் தரம் குறைவு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் பிரிக்கிறார்கள், அவர்கள் விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் ஜாதிக்காயில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தச் சின்னத் தீவுக்கு. நாட்டின் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. 2004 செப்டம்பரில் வந்த இவான் புயல் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அந்தக் கட்டடத்தில் காலியாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தபோது மனசு கனத்தது.

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இருட்டியதும் ஊருக்குள் இரண்டு சந்துகளில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு அடுப்பு மூட்டுகிறார்கள். 'ஃபிஷ் ஃப்ரைடே' என்று பெயர். சுட்ட சூரை, சிங்கி இறால், மீன் உருண்டை, அப்புறம் லாம்பி என்று அவர்கள் சொல்லும் சங்குக்கறி. சூரையைக் காய்கறியோடு அலுமினியத் தாளில் பொதிந்து தணலில் வைத்துத் தருகிறார்கள். பிரித்ததும் முகத்தில் அடித்த ஆவி இன்னும் நினைவில் இருக்கிறது. கூடவே ஒரு ரம் பஞ்ச், அதன்மேல் துருவிய ஜாதிக்காய்! மதியம் பார்த்த அதே காய். சுற்றுலாக்காரர்கள் கொஞ்சம் பேர்தான், மீதி எல்லாம் ஊர்ச்சனம்: பள்ளிப் பிள்ளைகள், பாட்டிகள், வலையைக் காயப்போட்டுவிட்டு வந்த ஆண்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

இரவு அங்கேயே தங்கினேன், தங்கியது நல்லதாகப் போயிற்று. காலையில் கறுப்பு மணலில் நடந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தரங்கம்பாடியில் சின்ன வயதில் பார்த்த அதே காட்சி: படகு வலையை வளைத்துப் போட்டுவர, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்திருந்தார்கள். உள்ளே துள்ளியவை சின்னப் பாரை மீன்கள். "இது சாப்பிட மட்டுமில்லை, சூரைக்கு இரையும் இதுதான்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். இதைத் தூண்டிலில் கோத்து, நெடுங்கயிறு நிறைய முள்ளோடு ஆழ்கடலுக்குப் போனால்தான் மஞ்சள்துடுப்புச் சூரை கிடைக்குமாம். ஜூன் 29, புனித பேதுரு திருநாளன்று வரச் சொன்னார். அன்று படகுகளை மந்திரிப்பார்கள், படகுப் போட்டி நடக்கும், தெருவெல்லாம் ஆட்டம் பாட்டமாக இருக்கும். மீனவர் பிறந்தநாள் என்றே அதற்குப் பெயர்.

பேசிக்கொண்டே அவர் கயிற்றின் நுனியை என் பக்கம் நீட்டினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் பிடித்து இழுத்தேன்.