டி.டி.எஸ். மீட்டர் காட்டாத ஃபுளோரைடு

தருமபுரிப் பக்கம் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டவர்களிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டால், "டி.டி.எஸ். அறுநூறுதான், நல்ல தண்ணி" என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஃபில்டர் விற்க வந்தவர் பேனா போன்ற மீட்டரை டம்ளரில் நனைத்துக் காட்டிய எண் அது. அந்தக் கருவி நீரின் மின்கடத்து திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் (அதுதான் டி.டி.எஸ்.) கணித்துச் சொல்கிறதே தவிர, அவை என்னென்ன உப்புகள் என்று சொல்வதில்லை. லிட்டருக்கு 600 மில்லிகிராமில் ஃபுளோரைடு 0.5 இருந்தாலும் 2.5 இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கிருமிகளோ அதன் கணக்கிலேயே வருவதில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரக்குறியீட்டின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கலாம். அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. அளவு இன்னும் கூடி, ஆண்டுகளும் கூடும்போது எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்த இந்தப் பாதிப்பை முன்னிட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் சொந்தக் கிணற்று நீரையே குடிக்கும் வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன.

இங்குள்ள கிரானைட், நைஸ் பாறைகளில் அபடைட், பயோடைட் போன்ற கனிமங்கள் உள்ளன. பாறை வெடிப்புகளில் நெடுநாள் தேங்கும் நீர் அவற்றிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால், எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடாக ஒரு பகுதி படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் அந்தத் தடை இல்லாததால் ஃபுளோரைடு ஏறிக்கொண்டே போகலாம். ஆக, சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று நாம் மெச்சும், கால்சியம் குறைந்த மென்னீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. நாக்கு இதில் நம்பத்தக்க சாட்சி அல்ல.

மாதிரி எடுப்பதிலேயே பாதிப் பரிசோதனை முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. குழாயில் தேங்கிய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டிலே ஏற்றது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலை அலசாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுவது நல்லது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் பரிசோதித்துக்கொள்ளலாம். களப் பரிசோதனைப் பெட்டியில் சாயத்தின் சிவப்பு மஞ்சளை நோக்கி மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் 1-க்கும் 1.5-க்கும் இடையில் கண்ணுக்குக் கண் முடிவு மாறும் என்பதால், எல்லையில் நிற்கும் நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

அறிக்கை கைக்கு வந்ததும் ஃபுளோரைடோடு கால்சியத்தையும், பைகார்பனேட்டைக் காட்டும் காரத்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற ஒரே வரம்புதான். வேறு ஆதாரம் இல்லை என்ற சலுகை அதற்குக் கிடையாது. அது மிகுந்திருந்தால் அருகிலுள்ள செப்டிக் டேங்கையோ வயலுக்கு இட்ட உரத்தையோ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நீரில் கரைத்த பால்மாவு கைக்குழந்தைக்கு ஆபத்தானது. காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும்; ஆனால் நீர் ஆவியாக ஆவியாக ஃபுளோரைடும் நைட்ரேட்டும் செறிவு கூடவே செய்யும்.

கோடையின் கடைசியில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒருமுறையும் சோதித்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். நீர்மட்டம் இறங்கிக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால் புதிய வெடிப்பிலிருந்து வேறு நீர் வருவதால், அன்றே புதிதாக மாதிரி எடுத்தாக வேண்டும்.