நியூயார்க் கடிகாரம் மாறிய பிறகு

2025 நவம்பர் 3, திங்கள்
கோடைக் கால நேரம் முடிந்ததால் நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி மீட்டிங் சென்னையில் போன வாரம் வரை மாலை 6.30, இன்றிலிருந்து இரவு 7.30. "ஒரு மணி நேரம்தானே" என்று டீம் லீடுகள் தலையாட்டிவிடுகிறார்கள். அடுத்த மாற்றம் மார்ச் 8-இல்தான். நடுவே 18 வாரம். வாரத்துக்கு ஐந்து மீட்டிங், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றால் 90 மணி நேரம் இரவுப் பக்கம் சாய்கிறது. மீட்டிங்கை நியூயார்க்கின் காலை 8 மணிக்கு மாற்றச் சொல்லி இந்த வாரமே கேட்டுவிட வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால், ஐந்தில் இரண்டு நாள் நிலவரத்தை எழுதி அனுப்பினால் போதுமா என்று கேட்கலாம். டிசம்பரில் கேட்டால், "இத்தனை நாள் வந்தீர்களே" என்பார்கள்.

நவம்பர் 5, புதன்
களைப்பு வேறு, பர்ன்அவுட் (வேலை அழுத்தத்தால் உள்ளுக்குள் வற்றிப்போவது) வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்கிறது. அடையாளம் மூன்று: சக்தி வற்றுவது, வேலைமேல் வெறுப்பு அல்லது விலகல், திறன் குறைவது. கெட்டிக்காரர்களிடம் மூன்றாவது கடைசியில்தான் வெளியே தெரியும். வேலை கெடுவுக்குள் முடிந்துகொண்டே இருப்பதால் மேலாளருக்கும் சந்தேகம் வராது. கவனிக்க வேண்டியது இரண்டாவதை. ஜூனியர் எழுதியதை வரி வரியாகப் படித்துத் திருத்தியவர், திறந்துகூடப் பார்க்காமல் அப்ரூவ் கொடுக்கத் தொடங்கினால் அன்றே உட்கார வைத்துப் பேச வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்
வேலை பார்க்கும் நேரத்தை இரண்டு வாரத்துக்கு எழுதிவைக்க வேண்டும். சாப்பிட்டபடி பார்த்த மெயிலும் கணக்கில் சேரும். பெரும்பாலோர் விடுவது அதைத்தான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் கணித்தன.

நவம்பர் 9, ஞாயிறு
ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இரண்டு வேலை நாளுக்கு நடுவே 11 மணி நேரம் ஓய்வு கேட்கிறது. நல்ல அளவுகோல். கடைசி மீட்டிங் இரவு 10.30-க்கு முடிந்தால் மறுநாள் 9.30-க்கு முன் எதுவும் கூடாது. காலை ஸ்டாண்ட்-அப்பை (டீமின் தினசரிச் சின்ன மீட்டிங்) 8.30-லேயே விட்டுவைத்தால் இந்தக் கணக்கு உடையும். ஓய்வைக் காபியும் கெடுக்கும்: மாலை 6 மணிக் காபியில் உள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

நவம்பர் 12, புதன்
நான்கு நாள் ஏற்காடு போய்வந்தும் ஒரே வாரத்தில் பழைய நிலைதான். சுமை மேஜையிலேயே காத்திருக்கிறதே! லீவுக்கு முன்பே ஒரு வேலையையாவது நிரந்தரமாகக் கைமாற்ற வேண்டும். எதை என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, "இரண்டு வாரம் நான் இல்லாவிட்டால் யார் செய்வார்?" என்று எழுதிப் பார்க்கலாம். பெயர் வந்தால் அந்த வேலை அவருடையது. கொடுத்த பிறகு மெயிலில் தன்னையும் சிசி-யில் வைக்கச் சொல்வதுதான் வழக்கமான தவறு. பொறுப்பு போகும், கவலை போகாது.

நவம்பர் 14, வெள்ளி
ஆபீஸுக்கு வெளியேயும் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் கேலண்டரைத் திருத்துவது போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.